நெல்லுக்குக் காவல் இருப்பவரிடம் தியானம் சொல்லாதீர்கள்

"வேலைவெட்டி இல்லாதவனுக்கு வர்ற வியாதி அது." மனக் களைப்பைப் பற்றி அரியலூர் மாவட்டத்துத் திருமானூர்க் கடைத்தெருவில் பேச்செடுத்துப் பாருங்கள், கையில் வாங்கிய டீ ஆறுவதற்குள் இந்தத் தீர்ப்பு வந்துவிடும். சொல்பவர் கெட்டவர் இல்லை. வெயிலில் நின்று உழைத்தவர். உழைத்த உடம்புக்குத் தூக்கம் தானாக வரும் என்று அனுபவத்தில் கண்டவர். படித்தவர்கள் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்வார்கள். நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்க்கிறவனுக்குத்தான் மூளை களைக்குமாம். கொள்ளிடக் காற்றும் பச்சை வயலும் உள்ள ஊரில் களைப்பது உடம்பு மட்டும்தானாம், படுத்து எழுந்தால் அது போய்விடுமாம். நகரத்துப் பத்திரிகைகளின் நலவாழ்வுப் பக்கங்கள் இதன் மறுபாதியை எழுதுகின்றன: கைபேசியைத் தள்ளி வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள், இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்வாருங்கள்.

மேலே இருப்பவர்களின் குரலில் இந்தக் கரிசனம்கூட இல்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று அவர் வருத்தப்பட்ட காணொளி ஊர் சுற்றியது. டீக்கடை நண்பரும் நலவாழ்வுப் பத்தியாளரும் நிறுவனத் தலைவரும் ஒருவரையொருவர் சந்தித்தால் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் ஒரு நம்பிக்கை மூவருக்கும் பொது. களைப்பு என்பது களைத்தவரின் சொந்த விவகாரம். மனத்திடம் இருப்பவருக்கு அது வராது. வந்துவிட்டால் அவரே சரிசெய்துகொள்ள வேண்டும்.

மூவருமே தவறு. இதைச் சொல்ல நான் மேல்நாட்டு அலுவலகங்களுக்குப் போகப்போவதில்லை. ஆதாரம் நம் கரும்புக் கொல்லையிலேயே இருக்கிறது.

விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என்ற நால்வர் செய்த ஆய்வு. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஒன்றரை ஏக்கரிலிருந்து மூன்று ஏக்கர்வரை வைத்திருப்பவர்கள், வருமானத்தில் பெரும்பங்கு கரும்பிலிருந்தே வருகிறவர்கள். ஒரே ஆளை இரண்டு முறை உட்கார வைத்தார்கள்: கரும்பு வெட்டுவதற்கு முன்னால் ஒரு முறை, வெட்டிப் பணம் கைக்கு வந்த பின்னால் ஒரு முறை. கட்டங்களில் விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் புதிர்கள் 10 கொடுத்தார்கள். பார்வைக்குச் சட்டென்று தோன்றும் விடையைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு சரியானதைச் சொல்ல வேண்டிய இன்னொரு சோதனையும் இருந்தது. வெட்டுக்கு முன்னால் புதிர்களில் சராசரியாக நாலுக்குச் சற்று மேல் சரியாக வந்தது. பணம் வந்த பின்னால் அதே மனிதர்கள் ஐந்தைத் தாண்டினார்கள். இரண்டாவது சோதனையிலும் முன்னால் நேரம் அதிகம் பிடித்தது, பிழையும் அதிகம். ஓர் இரவு முழுக்கக் கண் விழித்தவரின் மூளை மறுநாள் எவ்வளவு மந்தமாக இருக்குமோ அதற்கு ஒப்பான வித்தியாசம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்த ஆய்வு கரும்பில் நடந்ததற்குக் காரணம் உண்டு. திருமானூர் வட்டாரத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கீழப்பழுவூர்ப் பக்கம் சாத்தமங்கலத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது, கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் பஸ்ஸில் ஊர்ந்து போகாதவர் இங்கே குறைவு. ஆனாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆலை தன் பகுதிக் கரும்பு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அரைத்துவிட முடியாது. அதனால் வெட்டு மாதக்கணக்கில் பிரித்துப் போடப்படுகிறது. பதிவு செய்த கரும்புக்குக் கட்டிங் ஆர்டர் வர வேண்டும். அது பக்கத்து வயலுக்குத் தை மாதம் வரும், உங்களுக்குப் பங்குனியில் வரும். ஆராய்ச்சியாளருக்கு இது கிடைத்தற்கரிய வசதி. ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஒருவர் பணம் வாங்கியிருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். பருவத்தின் மேல் பழியைப் போட முடியாது. விவசாயிக்கோ இதே ஏற்பாடுதான் வருஷத்தின் மிக நீண்ட இரண்டு மாதம். அந்த ஆய்வின்படி, வெட்டுக்கு முன்னால் 78 விழுக்காட்டினர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 விழுக்காடு. கடன் இருந்தவர்கள் முன்னால் கிட்டத்தட்ட எல்லோரும். பின்னால் 13 விழுக்காடு.

பதில் தயாராக இருக்கும்: வெட்டுக்கு முன்னால் உடம்பு உழைப்பு அதிகம், சாப்பாடு குறைவு, அதனால்தான் மூளை ஓடவில்லை. ஆய்வாளர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. உணவு, உடலுழைப்பு, முதல் முறை எழுதியதால் இரண்டாம் முறை பழகிப்போயிருக்கும் என்ற சந்தேகம், எல்லாவற்றையும் தனித்தனியே சோதித்துத்தான் ஒதுக்கினார்கள். மிஞ்சி நின்றது கவலை என்று நாம் அன்றாடம் சொல்வது. அதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்: முடியாத கணக்கு. எந்த நகையை முதலில் மீட்பது, உரக்கடைப் பாக்கியில் எவ்வளவு கொடுத்தால் அடுத்த மூட்டை தருவார்கள், பையனின் காலேஜ் பீஸுக்குக் கடைசித் தேதி எது, வெட்டுக்கூலி முன்பணம் யாரிடம் கேட்பது. ஒவ்வொன்றும் மற்றொன்றைப் பொறுத்தது; எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் கட்டிங் ஆர்டர் தேதி தெரியாது. களை பறிக்கும்போதும் இந்தக் கணக்கு ஓடுகிறது, பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் ஓடுகிறது. வேலை செய்தால் மனக் களைப்பு தீரும் என்கிற டீக்கடைத் தீர்ப்பு இங்கே விழுந்துவிடுகிறது. இவர்கள் வேலை செய்யாத நாளே கிடையாது.

எதிர்த்தரப்புக்கு வலு சேர்க்கும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. அங்கே இப்படிப்பட்ட வித்தியாசம் தென்படவில்லை. இதை வைத்துக் கரும்பு ஆய்வையே தள்ளுபடி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது என் வாதத்துக்குத் துணையாகவே படுகிறது. சம்பளக்காரருக்குக் கையில் காசு இல்லாவிட்டாலும் தேதி தெரியும். இரண்டு வாரத்தில் இன்ன கிழமை இவ்வளவு வரும் என்று கணக்கை முடித்து வைத்துவிடலாம். நம் கரும்புக்காரருக்குத் தொகையும் சரியாகத் தெரியாது, தேதியும் தெரியாது. ஆளைத் தின்பது வறுமை மட்டும் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே விடை வந்திருக்க வேண்டும்.

கரும்பை விட்டு நெல்லுக்கு வருவோம். சம்பா அறுவடை முடிந்த நாட்களில் கொள்ளிடக் கரை ஊர்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கம் போனால், சாலையோரத்திலும் களத்திலும் வரிசையாக நெல் குவியல்கள் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் தார்ப்பாய், தார்ப்பாயின் ஓரத்தில் செங்கல்லோ கருங்கல்லோ. பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில், அதில் ஒருவர். டோக்கன் கிடைத்திருக்கும், எடை போடும் நாள் வந்திருக்காது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பகலில் நெல்லைப் பிரித்துக் காயவைக்க வேண்டும், மேகம் கறுத்தால் வாரிக் கூட்ட வேண்டும், இரவில் பனி இறங்குமுன் மூட வேண்டும், ஆடுமாட்டை விரட்ட வேண்டும். பெரிய பாரம் எதுவும் தூக்குவதில்லை. வெளியூர்க்காரர் பார்த்தால் மனுஷன் கட்டிலில் படுத்திருக்கிறார், ஓய்வெடுக்கிறார் என்றே சொல்வார். பக்கத்துக் குவியல்காரர் காலையில் கேட்பார்: "ராத்திரி தூங்குனீங்களாண்ணே?" பதில் இப்படித்தான் வரும்: "எங்க தம்பி, ஒரு சொட்டு விழுந்தாலும் எந்திரிச்சிர்றேன்."

விழிப்பாகக் காத்திருப்பது மனத்தைச் செலவழிக்கும் வேலை என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர்கள் எதிரியின் சிறு புள்ளியைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் அதை ஆராய்ந்து 1948-ல் வெளியிட்டார். கடிகார முள்போல ஒரு முள் சின்னச் சின்னத் தாவலாக நகரும். எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே, முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்கிவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் வீரர்களுக்கு அரை மணி. நெல் குவியலோடு இருப்பவருக்கு நாள்கணக்கு. அவரைப் பார்த்து "கிராமத்துல என்னங்க டென்ஷன்" என்று கேட்பவர், கட்டிலை மட்டும் பார்த்துவிட்டுத் தார்ப்பாயைப் பார்க்காதவர்.

பிறகு ஒரு நாள் மாலையில் தனியார் வியாபாரி லாரியோடு வருகிறார். அரசு விலையைவிடக் குறைவு, ஆனால் கையில் ரொக்கம், இன்றைக்கே. பத்து நாள் காத்தவர் பதினோராவது நாள் கொடுத்துவிடுகிறார். ஊர் சொல்லும்: "அவசரக்குடுக்கை, இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்." இப்படித் தீர்ப்புச் சொல்லுமுன் ஒன்றைப் பார்க்கலாம். பாரிஸில் 2022-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மூளை வேலை, இன்னொரு குழுவுக்கு இலகுவான வேலை. கடின வேலை செய்தவர்களின் முன்மூளைப் பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடியிருந்தது. அவர்கள் பொறுத்திருந்து பெறும் பெரிய தொகையை விட்டு, சுலபமாக உடனே கிடைக்கும் சிறு தொகையின் பக்கம் சாய்ந்தார்கள். அந்த ஆய்வுக்கூடத்துக்கும் திருமானூர்க் களத்துக்கும் தூரம் அதிகம். ஒன்றை வைத்து மற்றொன்று நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதினோராவது நாள் முடிவைக் குணக்கேடு என்று தீர்ப்பெழுத யாருக்கும் உரிமை இல்லை என்பதற்கு அது போதும்.

மனக் களைப்பை அடையாளம் காண்பதிலும் இதே குளறுபடி. "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்று ஆள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே தெரியாது. உடம்புக் களைப்பு உணர்வில் தெரியும். மனக் களைப்பு பிழையில் தெரியும். இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோஸோ என்ற உடலியல் அறிஞர் இதைக் கருவி வைத்தே அளந்தார். களைப்பைப் பற்றிய அவருடைய நூல் 1891-ல் வந்தது. அவருடைய கருவி, விரலால் எடையை இழுப்பது. மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த சக பேராசிரியர் ஒருவரை இழுக்கச் சொன்னார். தேர்வுக்கு முன்னால் இழுத்த அளவுக்கு அவரால் இழுக்க முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திராத மனிதரின் விரல் தளர்ந்திருந்தது.

நம் ஊரில் அதற்குக் கருவி தேவையில்லை. மருந்தடிக்கும் டேங்கில் ஒரு மூடி ஊற்றியதை மறந்து இன்னொரு மூடி ஊற்றுவது. த்ரீ பேஸ் கரன்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு, நிறுத்த மறந்து, அடுத்த வயல்காரர் வரப்பில் நின்று கத்தும்போது ஓடுவது. பேங்க் நோட்டீஸை மூன்று தரம் படித்தும் கடைசித் தேதி மனத்தில் நிற்காதது. குழந்தை தண்ணீரைக் கொட்டியதற்குக் கையை ஓங்கிவிடுவது. எந்த முடிவையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, தள்ள முடியாத நாள் வந்ததும் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்வது. இவற்றில் முதலாவதை நான் அதிகம் அஞ்சுகிறேன். பூச்சிமருந்து விபத்துகளில் எத்தனை "கவனக்குறைவு" என்று எழுதி மூடப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கவனம் ஏன் குறைந்தது என்று அடுத்த கேள்வி கேட்பாரில்லை.

இதுவரை கட்டிலில் படுத்திருந்த ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக் கணக்கு யார் தலையில் இருக்கிறது? வீட்டுப் பெண்ணின் தலையில். குழுக் கடன் வாரத் தவணை அவர் பெயரில், கையெழுத்து அவருடையது, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்ற பேச்சும் அவருக்குத்தான். தமிழ்நாடு இந்த நுண்கடன் வாங்குவதில் நாட்டிலேயே முன்வரிசை மாநிலம். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். இதில் சமைத்த நேரம் வரும், துவைத்த நேரம் வரும். செவ்வாய்க்கிழமைத் தவணைக்குத் திங்கள் ராத்திரி யாரிடம் கைமாற்று கேட்பது என்று யோசித்துக்கொண்டே அரிசி களைந்த நேரம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. "அக்கா எப்பவும் சிடுசிடுன்னு இருக்கும்" என்று அக்கம்பக்கம் சொல்லும். அவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கும் நோயறிதல்.

சரி, களைத்தவர் ஓய்வெடுக்கட்டும், நன்றாகத் தூங்கட்டும் என்கிற அறிவுரைக்கு வருவோம். இதையும் நம் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குறைந்த வருமானக்காரர்கள் 452 பேர், கணினியில் தரவு பதியும் வேலை. ஆய்வு 2021-ல் வெளியானது. படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தார்கள், தூங்கியதோ ஐந்தரை மணி நேரம். புழுக்கம், கொசு, தெருச் சத்தம், ஒரே அறையில் பல பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் காதடைப்பான், கண்மறைப்பு, மின்விசிறி எல்லாம் கொடுத்து, சிலருக்கு ஊக்கத்தொகையும் கொடுத்து, இரவில் அரை மணி நேரம்போலக் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். வேலையிலும் கவனத்திலும் மனநிலையிலும் சொல்லத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. அடிக்கடி அறுந்துபோகும் தூக்கத்தை நீட்டினால் அறுந்த தூக்கம்தான் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கிறது. இன்னொரு பகுதியினருக்கு மத்தியானம் அலுவலகத்திலேயே அமைதியான இடத்தில் அரை மணி நேரம் படுக்க விட்டார்கள். அவர்களுக்குக் கவனம் கூடியது, மனநிலை தெளிந்தது. அதே நேரத்தைச் சும்மா இடைவேளையாகக் கழித்தவர்களைவிட வேலையும் கூடுதலாக நடந்தது. இடைவேளையே எடுக்காமல் தொடர்ந்து உழைத்தவர்களின் சம்பாத்தியத்தை அவர்கள் எட்டவில்லை என்பதும் உண்மை. அரை மணி நேரக் கூலி போனது போனதுதான். ஆக, வேப்பமரத்தடியில் துண்டை விரித்து மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வதைச் சோம்பேறித்தனம் என்று கேலி பேசிய நாமே அந்தக் கேலியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரக் கூலியை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு நலவாழ்வுப் பக்கங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இயற்கையைப் பார்த்தால் மனம் தெளியும் என்பதும் பாதி உண்மை. திருமானூர் ஒன்றியத்தில்தான் கரைவெட்டி ஏரி இருக்கிறது. சுமார் 450 ஹெக்டேர் பறவைகள் சரணாலயம், 2024 ஜனவரியில் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி இங்கே வந்து இறங்குகின்றன. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு கரையில் நின்று ஒரு காலைப்பொழுதைக் கழித்துவிட்டு, தலை லேசாகிவிட்டது என்று போகிறார்கள். பொய்யில்லை, ஆகும். அதே கரையில் ஆயக்கட்டுக்காரர் ஒருவர் நிற்கிறார். அவருக்கு அந்தத் தண்ணீர், மேட்டூர் எப்போது திறந்து புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக எவ்வளவு வந்தது, இன்னும் எத்தனை நனைப்புக்குத் தாங்கும் என்ற கணக்கு. ஒரே ஏரிதான். ஒருவருக்கு ஓய்வு கொடுப்பது இன்னொருவருக்கு வேலை கொடுக்கிறது. கிராமத்துக்குப் போனால் களைப்பு தீரும் என்று எழுதுகிறவர், கிராமத்தில் இருப்பவர் எங்கே போக வேண்டும் என்று எழுதியதாக நான் பார்த்ததில்லை.

மனத்திடக் கட்சிக்காரர்கள் ஒரு காலத்தில் அறிவியலையும் துணைக்கு அழைத்தார்கள். மனக்கட்டுப்பாடு என்பது தொட்டித் தண்ணீர் மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும், பயிற்சியால் தொட்டியைப் பெரிதாக்கலாம் என்று 1998-ல் ராய் பாமைஸ்டரும் சகாக்களும் சொன்ன கருத்து புத்தகக் கடைகளை நிரப்பியது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிட்டது. இப்போது அதே கட்சிக்காரர்கள் தோசையைத் திருப்பிப் போடுகிறார்கள்: பார், மனத்திடம் தீராது என்று அறிவியலே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன களைப்பு? அந்தச் சோதனைகள் சில நிமிட வேலையைப் பற்றியவை. நான் பேசிக்கொண்டிருப்பது மாதக்கணக்கில் முடியாத கணக்கைப் பற்றி. மூச்சுப் பயிற்சியால் பயனில்லை என்றும் நான் சொல்லவில்லை; செய்பவர் செய்யட்டும். கட்டிங் ஆர்டருக்குப் பதிலாக அதைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எதனால்தான் தீரும்? கணக்கு முடிந்தால் தீரும். அதில் பெரும்பகுதி களைத்தவரின் கையில் இல்லை. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில், கரும்பு ஆலைக்குப் போன 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்று இருக்கிறது. இதைப் பணச் சட்டம் என்றே எல்லோரும் படிக்கிறார்கள்; எனக்கு மனநலச் சட்டமாகவும் படுகிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இவையெல்லாம் மூச்சுப் பயிற்சியைவிட அதிகம் பேரின் களைப்பைத் தொடும் காரியங்கள்.

ஆள் தன் பங்குக்குச் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. கடன் பத்திரத்திலோ நில விஷயத்திலோ ராத்திரியில் கையெழுத்துப் போடாதீர்கள். காலையில் போடுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தலைக்குள் ஓடும் கணக்கை ஒரு நோட்டில் இறக்கி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி வையுங்கள். குவியல் காவலை இரண்டு குடும்பம் சேர்ந்து முறை வைத்துப் பாருங்கள். பாதி ராத்திரியாவது அறுபடாமல் தூங்கலாம். மருந்தடிக்கும் நாளில் டேங்கில் கலப்பதை ஒருவர் செய்ய, இன்னொருவர் பக்கத்தில் நின்று எண்ணட்டும்.

எல்லாக் களைப்பையும் கணக்கின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தைராய்டும் சர்க்கரையும்கூட இதே முகத்தோடு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் அது தெரிந்துவிடும். பணம் வந்தும், தூங்கியும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், உயிரே வேண்டாம் என்கிற எண்ணம் எட்டிப் பார்த்தால் அது வேறு நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதற்குப் போய் "வேலை செய், சரியாகிவிடும்" என்று சொல்பவர் தன்னையறியாமல் ஆபத்தான காரியம் செய்கிறார்.

அரியலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. வாய்க்கால் தூர்வாருதல், உரத் தட்டுப்பாடு, காட்டுப்பன்றி, பயிர்க் காப்பீடு என்று மனுக்கள் போகின்றன. அடுத்த கூட்டத்தில் இன்னும் இரண்டு மனு சேர்க்கலாம். பதிவுக் கரும்புக்கு வெட்டுத் தேதிகளை முன்கூட்டியே ஊர்வாரியாக அறிவிக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் டோக்கன் எண்ணோடு எடை நாளையும் எழுதிக் கொடுக்க வேண்டும், நாள் தள்ளிப்போனால் அதையும் முதல் நாளே சொல்ல வேண்டும். இதற்குப் பட்ஜெட்டில் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை. நாலு தாளும் ஒரு பசைப் புட்டியும் இருந்தால் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம்.